ராம்போ கத்திக்கு ஒரு வாழ்த்து

காட்டுக்குக் கொண்டுபோக எத்தனையோ கத்திகள் உண்டு. ஆனால் 1982-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தில் ராம்போவாக நடித்த சில்வெஸ்டர் ஸ்டாலோனின் இடுப்பில் தொங்கியதே ஒன்று, அதன் வாரிசுகளுக்கு ஈடு கிடையாது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக் கத்திக் கொல்லர் ஜிம்மி லைல் செய்த அந்த மூலக் கத்தியின் அலகு 9 அங்குலம். 1985-இல் வந்த இரண்டாம் படத்தில் 10 அங்குலம் ஆயிற்று. எதிரிகள் பெருகும்போது கத்தியும் வளரத்தானே வேண்டும்? லைல் கைவேலைக்காரர், தன் கத்தியை உறுதியாகச் செய்துவிட்டார். அந்த ஒரு குறையைப் பின்னால் வந்த நகல்காரர்கள் நீக்கிவிட்டார்கள். இன்று ஊரெல்லாம் விற்பது குறை நீங்கிய அந்த வடிவம்தான்.

பிடியின் பெருமையை முதலில் சொல்ல வேண்டும். மற்ற நல்ல கத்திகளில் அலகின் இரும்பே பிடிக்குள் நீண்டு ஓடும். உள்ளே ஒரு தீக்குச்சிக்குக்கூட இடம் தராத கஞ்சத்தனம். நம் கத்தி தாராளம். பிடி வெறும் குழாய். அலகு நாகரிகமாகக் குழாயின் வாசலிலேயே ஒரு திருகோடு நின்றுகொள்ளும், உள்ளே நுழையாது. அப்படி மிச்சமான இடத்தில் நாலு தீக்குச்சி, ஒரு ஊசி, கொஞ்சம் நூல், ஒரு தூண்டில் முள் எல்லாம் குடியிருக்கலாம். படத்தில் ராம்போ கையில் பட்ட காயத்தைத் தானே தைத்துக்கொள்வது கத்திப்பிடியில் இருந்த ஊசிநூலால்தான். நகல் வாங்கியவருக்கும் அது வீண்போகாது. விறகைப் பிளக்க ஓங்கி நாலு போடு போட்டால், அலகு பிடியிலிருந்து விடுதலை பெற்றுத் தன் வழியே பறக்கும். காயத்தையும் அதற்கான வைத்தியத்தையும் ஒரே விலையில் தரும் வேறு சரக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

பிடியின் மூடியில் திசைகாட்டி. பக்கத்திலேயே அவ்வளவு எஃகு இருக்கும்போது அந்த முள் எங்கோ இருக்கும் வடதுருவத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருக்குமா? எசமான விசுவாசம் உள்ள முள் அது. மூடியைக் கழற்றித் தள்ளிப் பிடித்தால் வடக்கு ஞாபகத்துக்கு வரும். அதற்குள் தீக்குச்சிகள் புல்லில் கொட்டியிருக்கும்.

முதுகில் ரம்பப் பல் இருப்பதைச் சிலர் கேலி செய்கிறார்கள். அமெரிக்க விமானிகளுக்குத் தந்த கத்தியிலும் முதுகில் பல் உண்டு. விழுந்த விமானத்தின் மெல்லிய உலோகத் தோலை அறுத்துக்கொண்டு வெளியே வருவதற்காக வைத்தது. ஆற்றோரம் கூடாரம் அடித்துப் படுத்தவருக்கு மட்டும் அந்த அவசரம் வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? மரத்தை அறுக்காது என்பது உண்மைதான். ரம்பத்தின் பற்கள் இடமும் வலமுமாகச் சாய்ந்து, தகடு போவதற்கு வழிவிட்டுக்கொண்டே அறுக்கும். இங்கே பற்கள் அணிவகுப்பு மாதிரி நேராக நிற்கின்றன. அலகும் அரை விரல் தடிமன். கால் அங்குலம் உள்ளே போனதும் சிக்கிக்கொள்கிறது. மரங்களிடம் இவ்வளவு இரக்கம் காட்டும் ஆயுதத்தைச் சுற்றுச்சூழல் அன்பர்கள் இன்னும் கண்டுகொள்ளாதது வியப்பு. விறகு பிளக்க முதுகில் கட்டையால் தட்டினால் அந்தக் கட்டையைத்தான் பல் கடித்துக் குதறும்.

எஃகு பெரும்பாலும் 420 ரகம். எளிதில் துருப் பிடிக்காது. கரிமம் குறைவு என்பதால் கூரும் நெடுநாள் தங்காது. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேண்டுமா? அதன்மேல் கறுப்புப் பூச்சு. உரசினால் பொறி பறக்கும் உலோகக் குச்சியை அதன் முதுகில் உரசிப் பாருங்கள், பூச்சுதான் உதிரும், பொறி வராது. காட்டுத்தீயைத் தடுப்பதில் அதற்குள்ள அக்கறை அப்படி.

ஔவையார் தொண்டைமானின் ஆயுதச்சாலையைப் பார்த்துவிட்டு, பீலி சூட்டி, மாலையிட்டு, நெய் பூசிக் காவலில் வைத்திருந்த ஆயுதங்களை மெச்சினார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகச் சொன்னார். புறநானூற்றில் இருக்கிறது. அவர் வழியில்தான் நானும் மெச்சுகிறேன். இந்தக் கத்தி கொல்லன் பட்டறைப் பக்கமே போகாது. பட்டறையில் ஒட்டவைக்கக்கூடிய விதத்தில் அது உடைவதில்லை.

சட்டமும் இதை மதிக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்தியை இந்திய ஆயுத விதிகள் ஆயுதங்களின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. வீட்டுவேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு. அதாவது, வேலை செய்யும் என்று தெரிந்த அரிவாளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இரண்டாம் படத்தின் அளவில் நகல் வாங்குங்கள், வாள், ஈட்டியோடு ஒரே வரிசையில் நிற்கலாம்.

பெரிய கத்திதான் வேண்டும் என்று மலாய்க்காரர்கள் பராங் வைத்திருக்கிறார்கள், நேபாளத்தார் குக்ரி வைத்திருக்கிறார்கள். பாவம், இரண்டும் முனைப்பக்கம் கனத்து, வீசினால் வெட்டும், அவ்வளவுதான். ஊசி வைக்க இடமில்லை. வடக்கும் தெரியாது. சுவீடன்காரர்களின் மோரா கத்தியைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஏறக்குறைய 4 அங்குல அலகு, மலிவு விலை, பிளாஸ்டிக் பிடி. அதன் மலிவு ரகங்களில் இரும்பு பிடியின் கடைசிவரைகூடப் போவதில்லை. இதை வைத்துக்கொண்டு முளை சீவுகிறார்கள், மரத்தில் காடி வெட்டுகிறார்கள், மீன் கழுவுகிறார்கள், கயிறு அறுக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டு உறையில் போட்டால், இடுப்பில் அது இருப்பதே தெரியாது. புகைப்படத்திலும் தெரியாது. அப்புறம் காட்டுக்குப் போனதற்கு என்ன அத்தாட்சி?

ஆகவே யோசிக்காமல் ராம்போ கத்தியையே வாங்குங்கள். கூடவே ஒரு மோராவும், விறகுக்கு ஒரு கைக்கோடரியும், ஒரு மடக்கு ரம்பமும், தனியாக ஒரு திசைகாட்டியும், பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு தீப்பெட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு உயர்ந்த கத்தியைப் போய் யாராவது வேலைக்கு அனுப்புவார்களா?