புள்ளிவிவரத்தில் குளிர்காய்கிறவர்கள்

இங்கிலாந்தில் குளிரில் விறைக்கும் ஏழை இனி அநாதை இல்லை. அவர் வீட்டுச் சுவர் எந்தக் காலத்துச் செங்கல், கூரைக்கடியில் வெப்பக்காப்பு எத்தனை மில்லிமீட்டர், சன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடியா இரட்டைக் கண்ணாடியா, எல்லாம் அரசுக்குத் தெரியும். அரசுக்கு மட்டுமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழங்கிய இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வீட்டு எரிசக்திச் சான்றிதழ்கள் முகவரியோடு பொதுவெளியில் இருக்கின்றன. சில நூறு வீடுகள் கொண்ட ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை சதவீதம் எரிபொருள் வறுமை என்பதும் ஆண்டுதோறும் வெளியாகிறது. ஒளிவுமறைவில்லாத அரசு! மறைக்க எதுவும் இல்லை, செய்ய மனமும் இல்லை.

அந்தச் சான்றிதழ் ஒன்றைப் படித்துப் பாருங்கள். 'கெட்டிச் செங்கல் சுவர், கட்டியபடியே உள்ளது, வெப்பக்காப்பு இல்லை' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'அனுமானம்' என்று போட்டிருக்கும். மதிப்பிட வந்தவர் சுவரைத் துளைத்துப் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் போன மாதம் எவ்வளவு கேஸ் எரிந்தது என்று மீட்டரையும் பார்ப்பதில்லை. எவ்வளவு எரிய வேண்டும் என்பதைக் கணினி சொல்லிவிடும். சான்றிதழ் பத்து வருடம் செல்லும். குளிர் மட்டும் வருடா வருடம் வந்து தொலைக்கிறது.

2000இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி 2016க்குள் இங்கிலாந்தில் எரிபொருள் வறுமையே இருக்கக் கூடாது, நடைமுறையில் இயன்றவரை. வீட்டைச் சூடாக்கவும் விளக்கெரிக்கவும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேவைப்பட்டால் எரிபொருள் ஏழை என்பது அன்றைய அளவுகோல். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். அதுதான் அதில் கோளாறு. கெடு நெருங்கியது, ஏழைகள் குறையவில்லை. 2013இல் அளவுகோலை மாற்றினார்கள், உடனே குறைந்துவிட்டார்கள்! அடுத்த ஆண்டு கெடுவும் 2030க்குப் போனது. 'ஒழிப்போம்' என்ற பேச்சு போய், 'இயன்றவரை வீடுகளை எரிசக்திச் சான்றிதழில் சி தரத்துக்கு உயர்த்துவோம்' என்றார்கள் (ஏ சிறந்தது, ஜி கடைசி). 2021இல் அளவுகோலுக்கு இன்னொரு மாற்றம்.

இன்றைய விதிப்படி, வீடு டி தரத்திலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். எரிசக்திச் செலவு போக மிஞ்சும் வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே விழவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் எரிபொருள் ஏழை. சி தர வீட்டில், மீட்டருக்குப் போடக் காசில்லாமல் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் மூதாட்டி? அவர் எரிபொருள் ஏழை அல்ல, வெறும் ஏழை. அது வேறு இலாகா.

2023க்கான அரசுக் கணக்கைப் பாருங்கள். கேஸும் மின்சாரமும் உச்சாணிக் கொம்பில் விற்ற காலம். பழைய பத்து சதவீத அளவுகோலில் 89 லட்சம் குடும்பங்கள், அதாவது நூற்றுக்கு 36க்கும் மேல். முந்தைய ஆண்டைவிடத் தாறுமாறாக எகிறிய எண். புதிய அளவுகோலில் வெறும் 13 சதவீதம், ஏறக்குறைய முந்தைய வருடக் கணக்கேதான். இரண்டு எண்ணும் ஒரே அறிக்கையில் இருக்கின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் பூசணிக்காயை நடு இலையில் வைத்துவிட்டு, இது பூசணிக்காய் வரையறைக்குள் வராது என்கிறார்கள்.

சரி, ஏழை வீட்டுக் கதவைத் தட்டியது யார்? 2023 பிப்ரவரியில் 'தி டைம்ஸ்' நிருபர் ஒருவர் அடையாளத்தை மறைத்து உள்ளே புகுந்து அம்பலப்படுத்தினார்: பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்துக்காக வேலை பார்த்த வசூல் ஆட்கள், நீதிமன்ற ஆணையைக் காட்டிப் பூட்டைத் திறந்து, நலிந்தவர்களின் வீடுகளிலும் ப்ரீபெய்டு மீட்டரை வலுக்கட்டாயமாகப் பொருத்தினார்கள். நாடு கொதித்த பிறகுதான் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் நிறுத்தச் சொன்னது.

அந்த மீட்டர் பொல்லாதது. அட்டையை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்குப் போய்ப் பணம் ஏற்ற வேண்டும். அடுப்பே பற்றவைக்காவிட்டாலும் தினசரி நிலைக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்; ஏற்றுகிற பத்து பவுண்டில் முதல் கை அதற்குத்தான். காசு தீர்ந்ததா, இணைப்பைத் துண்டிக்க ஆள் வர வேண்டாம், ஆணை வேண்டாம், வீடு தானே இருண்டுவிடும். நுகர்வுப் புள்ளிவிவரத்தில் அது 'குறைவாக எரிக்கும் வீடு'. பட்டினி அங்கே சிக்கனமாகப் பதிவாகிறது.

வாடகை வீடுகளை சி தரத்துக்கு உயர்த்தும்படி உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்தும் திட்டத்தை 2023 செப்டம்பரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் தூக்கி எறிந்தார். குடும்பங்களின் சுமையைக் குறைத்தாராம். எந்தக் குடும்பங்களின் சுமை என்று வாடகைக்கு இருப்பவர் கேட்கக் கூடாது. வெப்பக்காப்பு போட்ட இடங்களிலாவது உருப்படியாகப் போட்டார்களா? அரசுத் திட்டங்களில் வெளிச்சுவருக்குக் காப்பு போட்ட வீடுகளில் 98 சதவீதம் பழுது பார்க்கப்பட வேண்டியவை என்று 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் போட்டு உடைத்தது. சுவரில் ஈரமும் பூஞ்சையும், ஏட்டில் சாதனை.

தெரியாமல் செய்தால் பிழை. தெருத் தெருவாகத் தெரிந்துகொண்டு, வரைபடம் போட்டு வண்ணம் தீட்டி வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்குப் பெயர் அயோக்கியத்தனம். நான்காவது அளவுகோல் ஒன்றும் வேண்டாம். அதே பட்டியலில் ஜி தரத்திலிருந்து தொடங்கி, வேலை தெரிந்த கொத்தனாரை அனுப்புங்கள். பூட்டைத் திறக்கக் கிடைத்த முகவரிதான், சுவரைச் சரிசெய்யவும் அதே முகவரிதான்.