ஆர்.சி. புக் யார் பேரில்?

ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது யார் என்ற வழக்கைச் சங்ககிரிக்காரர்களிடம் விட்டிருந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் பைசல் ஆகியிருக்கும். லாரி ஊர் இது. சேஸிஸ் ஒரு கம்பெனியுடையது. பாடி கட்டியது நாமக்கல் பட்டறை. பணம் ஃபைனான்ஸ்காரருடையது. ஆர்.சி. புக் ஓனர் பேரில் இருக்கும், நெற்றியில் எழுதியிருப்பது குலதெய்வத்தின் பேராக இருக்கும், ராத்திரியெல்லாம் கண் விழித்து ஓட்டுகிறவர் டிரைவராக இருப்பார். ‘வண்டி யாருதுங்க?’ என்று கேட்டால் ஆறு பேரைக் கைகாட்டுவோம். ஆறும் சரி. இந்தச் சின்னக் கணக்கு பிடிபடாமல் வெள்ளைக்காரர்கள் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

சங்கதி இதுதான். 1564-ல் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊரில், கையுறை தைத்து விற்கும் ஜான் என்பவருக்குப் பிறந்த பையன் வில்லியம். லண்டனுக்குப் போனான், மேடை ஏறினான், நாடகம் எழுதினான், காசு சேர்த்து ஊரில் பெரிய வீடாகப் பார்த்து வாங்கிப் போட்டான். 1616-ல் போய்ச் சேர்ந்தான். எழுதி வைத்த உயிலில் மனைவிக்கு ‘இரண்டாம் தரக் கட்டில்’ உண்டு. புத்தகம் என்று ஒன்றுகூட இல்லை. அவர் கையெழுத்து என்று இன்று மிஞ்சியிருப்பவை ஆறு. அந்த ஆறிலும் பேரை ஒரே மாதிரி எழுதத் தெரியவில்லை மனுஷனுக்கு. இந்த லட்சணத்தோடு நம்ம சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் படி ஏறியிருந்தால் அரை சென்ட் நிலம்கூடப் பதிவாகியிருக்காது.

இருந்தும், செத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஊர் உலகத்தில் அநேகமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு அமெரிக்காவிலிருந்து டீலியா பேக்கன் என்ற டீச்சரம்மா கிளம்பி வந்தார். ‘கையுறைக்காரன் மகனுக்கு ராஜா வீட்டு விவகாரம் எப்படித் தெரியும்? எழுதியது பிரான்சிஸ் பேக்கனும் அவர் கூட்டாளிகளும்’ என்பது கட்சி. அந்த பேக்கனுக்கும் இந்த பேக்கனுக்கும் பங்காளி உறவு ஏதும் கிடையாது. 1856-ல் ஒரு ராத்திரி, லாந்தரும் கையுமாகப் போய் ஷேக்ஸ்பியர் கல்லறைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ‘என் எலும்பைக் கிளறுகிறவன் நாசமாய்ப் போவான்’ என்று கல்லில் சாபம் வெட்டி வைத்திருக்கிறது. அம்மா கிளறாமல் எழுந்து வந்தார். மறு வருடம் தடித் தடியாக ஒரு புத்தகம் மட்டும் போட்டார்.

அதற்குப் பின் வரிசை கட்டி வந்தார்கள். இக்னேஷியஸ் டான்லி என்ற அமெரிக்க அரசியல்வாதி, கடலில் முழுகிய அட்லாண்டிஸ் கண்டத்தைக் காகிதத்தில் மீட்டெடுத்த கையோடு, 1888-ல் நாடகங்களுக்குள் பேக்கன் ஒளித்துவைத்த ரகசியக் குறிகளையும் கண்டுபிடித்தார். டெட்ராய்ட் டாக்டர் ஆர்வில் ஓவன் இன்னும் ஒரு படி மேலே. இரண்டு ராட்சத உருளை செய்து, அதில் ஆயிரம் அடி நீளத் துணியைச் சுற்றி, துணியில் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி உருட்டினார். ‘கைப்பிரதி ஆற்றுக்கடியில் இருக்கிறது’ என்று உருளை சொன்னதாம். இங்கிலாந்துக்கே போய் வை நதியைத் தோண்டினார். சேறு கிடைத்தது. 1916-ல் சிகாகோ நீதிபதி ஒருவர், ‘எழுதியது பேக்கன்தான்’ என்று தீர்ப்பே சொல்லி, 5,000 டாலர் நஷ்ட ஈடும் போட்டார். அந்தத் தீர்ப்பு பிறகு ரத்தானது. ரத்தாகாமல் இருந்திருந்தால் நம்ம ஊர் கோர்ட்டில் கம்பராமாயணத்துக்கும் பாகப்பிரிவினை கேட்டு நாலு பேர் நின்றிருப்பார்கள்.

1920-ல் லூனி என்ற வாத்தியார், ‘பேக்கன் இல்லை, ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் டி வியர்’ என்றார். பிரபு காலமானது 1604-ல். ‘டெம்பஸ்ட்’ நாடகம் வந்தது 1611 வாக்கில். ‘முன்னாடியே எழுதி வெச்சிருந்தாருங்க’ என்று சமாதானம். 1955-ல் கால்வின் ஹாஃப்மன் வந்து, ‘நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோதான்’ என்றார். மார்லோவை 1593-லேயே குத்திக் கொன்றாகிவிட்டது. ‘அது நாடகம், ஆள் தப்பிவிட்டார்’ என்று சொல்லி, அடுத்த வருடம் கைப்பிரதி தேடி, மார்லோவின் புரவலர் வால்சிங்ஹாமின் கல்லறையை அனுமதி வாங்கித் திறந்தார். உள்ளே இருந்தது மணல். காவிரிக் கரையாக இருந்தால் அந்த மணலையாவது நாலு லோடு ஏற்றியிருப்பார்கள்.

இந்தக் கூத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தேடுகிறவர்கள் போய் நிற்பது பெரும்பாலும் பிரபு வீட்டு வாசலில், இல்லாவிட்டால் பல்கலைக்கழக வாசலில். மார்லோகூட செருப்பு தைப்பவர் மகன்தான். ஆனால் கேம்பிரிட்ஜில் படித்தவர், ஆகவே பரவாயில்லை. ‘பிரபு பேரில் இருக்கும் கவிதையை அவர் வீட்டுச் சமையல்காரர் எழுதியிருப்பாரோ’ என்று ஒருத்தரும் கல்லறை திறந்ததில்லை.

நம்மிடமும் ஒரு பழைய கேஸ் உண்டு. கல்யாணத்துக்குக் காசில்லாத தருமிக்கு, ஆயிரம் பொன்னுக்காகச் சிவபெருமான் பாட்டு எழுதிக் கொடுத்தார். நக்கீரர் குற்றம் பிடித்தார். எழுதிக் கொடுத்தவரே சபைக்கு வந்து, ‘பாட்டு என்னுது, என்ன தப்பு?’ என்று மல்லுக்கு நின்றார். உலகத்திலேயே, ஏழை எழுதவில்லை என்று ருசுவான ஒரே வழக்கு இதுவாகத்தான் இருக்கும்; சாட்சிக்கூண்டில் கடவுளே ஏறினார். குறுந்தொகையில் அந்தப் பாட்டு இறையனார் பேரில்தான் இருக்கிறது. தருமிக்குப் பொன் போச்சோ இல்லையோ, ஆர்.சி. மாறிப்போச்சு.

மற்றபடி நம் ஊரில் நடந்ததெல்லாம் தலைகீழ். இங்கே எழுதினது சின்னப் பையனாக இருக்கும், பேர் பெரியவர் பேராக இருக்கும். கோயமுத்தூர் ஜூபிடர் பிக்சர்ஸின் ‘ராஜகுமாரி’ 1947-ல் வந்தது. டைரக்டர் ஏ.எஸ்.ஏ. சாமி, வசனத்துக்கு உதவி, மு. கருணாநிதி என்ற இருபத்துச் சொச்ச வயசுப் பையன். அடுத்த வருடம் ‘அபிமன்யு’. வசனம் எழுதியது அதே பையன்; திரையில் வந்ததோ சாமி பேர். கையில் லாந்தரோடு டீலியா அம்மா யாரும் கல்லறை தேடிப் போகவில்லை. சம்பந்தப்பட்டவரே உயிரோடு தியேட்டரில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவு வசதி.

அப்புறம்தான் வண்டி நம்ம பக்கம் திரும்பியது. பக்கத்துத் திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம், இங்கிலாந்து போய் நெசவுப் படிப்புப் படித்துவிட்டு, நூலை விட்டுவிட்டு ஃபிலிமைப் பிடித்தவர். 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கி, நூற்றுக்கும் மேல் படம் எடுத்துத் தள்ளினார். கவிஞர் கா.மு. ஷெரீப் அறிமுகத்தில் கருணாநிதி அங்கே போய்ச் சேர்ந்தார். அவருடைய ‘மந்திரி குமாரி’ நாடகம் 1950-ல் படமானது. இந்தத் தடவை பேர் ஒழுங்காக வந்தது.

சரி, கதை யாருடையது? சேஸிஸ் குண்டலகேசிக் காப்பியத்தினுடையது. அதை எழுதியவர் நாதகுத்தனார். காப்பியத்தில் மிஞ்சியது கொஞ்சம் பாட்டுத்தான். பாடி கட்டியவர் கருணாநிதி. ஷேக்ஸ்பியர் மட்டும் யோக்கியமா என்ன? புளூட்டார்க்கையும் ஹாலின்ஷெட்டையும் ஓட்டிக்கொண்டு வந்து பெயின்ட் அடித்தவர்தானே! 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்புக்காரர்கள் ‘ஆறாம் ஹென்றி’ நாடகங்களில் மார்லோ பேரையும் சேர்த்தே அச்சடித்துவிட்டார்கள். கூட்டு வியாபாரம் என்று படித்தவர்கள் ஒத்துக்கொள்ள இவ்வளவு நாள் ஆயிற்று.

பேர் ஒரு தடவை மேலே ஏறிவிட்டால் அதுவும் சும்மா இருக்காது. கீழே இருப்பதையெல்லாம் விழுங்கும். 1952-ல் ‘பராசக்தி’. மூல நாடகம் பாவலர் பாலசுந்தரம் எழுதியது. இன்று பத்துப் பேரைக் கேளுங்கள், பத்துப் பேரும் கலைஞர் என்பார்கள், பாவலரை யாருக்குத் தெரியும்? 1954-ல் ‘மனோகரா’. பம்மல் சம்பந்த முதலியார் எழுதி, ஊரூராய் நடித்துப் புகழ்பெற்ற நாடகம். படம் வந்தபோது பம்மல் உயிரோடுதான் இருந்தார். ஜனங்கள் கொண்டுபோனது சிவாஜி பேசிய வசனத்தை. ‘அபிமன்யு’வில் பேர் போனவர் கையாலேயே இதெல்லாம் நடந்ததுதான் வேடிக்கை. அவர் பறிக்கவில்லை; ஜனங்களுக்கு ஒரு வண்டிக்கு ஒரு பேர் போதும்.

ஆனாலும் பேக்கன் கட்சிக்கு நியாயம் செய்ய வேண்டாமா? அவர்கள் தர்க்கத்தையே சேலத்துக்குக் கொண்டுவருவோம். ‘மந்திரி குமாரி’ வசனகர்த்தா பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர், காலேஜ் வாசல் மிதிக்காதவர். ராஜகுருவின் சூழ்ச்சி, அரண்மனைப் பேச்சு எல்லாம் திருக்குவளைப் பையனுக்கு எங்கிருந்து வரும்? அந்தப் படத்தில் நன்றாகப் படித்தவர் ஒருத்தர் இருந்தார்: டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன். ஓஹையோவில் பிறந்து, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். படம் முடியுமுன்பே அமெரிக்காவுக்குக் கிளம்பியும் விட்டார். மீதியை சுந்தரம் முடித்தார். ஏன் அவ்வளவு அவசரம்? கைப்பிரதியை எந்த ஆற்றில் போட்டார்? திருமணிமுத்தாற்றைத் தோண்டிப் பார்த்தார்களா?

ஆகவே அந்த அடுக்குமொழி வசனமெல்லாம் எழுதியது டங்கன்தான். என்ன, அவருக்குத் தமிழ் தெரியாது. அது ஒரு குறையா? ஆக்ஸ்ஃபோர்டு பிரபு செத்தே போயிருந்தாருங்க.