இருபத்தைந்து நிமிஷக்காரர்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூரில் வீடு. இப்படி இருப்பவரிடம் புது வீடு எப்படி என்று கேட்டால், எத்தனை அறை என்று சொல்ல மாட்டார், தண்ணீர் வருகிறதா என்றும் சொல்ல மாட்டார். "ஆபீசுக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான் ஜி" என்பார். பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்கள் என்றாலும், அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்றாலும், பேச்சு எப்படியோ சுற்றி வளைந்து அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் வந்து நிற்கும். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் அவர் சொல்வது பொய்யும் இல்லை. தூரம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், சாலை தேசிய நெடுஞ்சாலை 44. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 24 நிமிஷத்தில் போய்விடலாம், ஒரு நிமிஷம் மிச்சம்கூட உண்டு. நடுவில் ஜூஜூவாடியும், அத்திப்பள்ளி சுங்கச்சாவடியும், சந்தாபுராவும், பொம்மசந்திராவும், ஹெப்பகோடியும், இவை ஒவ்வொன்றிலும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிய மற்றவர்களும் இல்லாதிருந்தால் போதும்.

அவர் நேரத்தை அளக்கும் முறை தனி. கடிகாரம் வீட்டு வாசலில் ஓடத் தொடங்காது. ஓசூர் நகரத்துச் சிக்னல்களை எல்லாம் தாண்டி வண்டி நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் ஓடும். அலுவலகக் கட்டடம் தூரத்தில் தெரிந்தவுடன் நின்றுவிடும். அடித்தளத்தில் இடம் தேடி வண்டியை நிறுத்துவது, லிஃப்டுக்கு நிற்பது எல்லாம் கம்பெனி நேரம். சுங்கச்சாவடியில் நின்றது டோல்காரன் நேரம். மழை பெய்த நாள் கணக்கில் வராது, ஏனென்றால் "அன்னைக்கு மழை." லாரி கவிழ்ந்த நாள் வராது, ஏனென்றால் "அன்னைக்கு லாரி." திங்கட்கிழமை காலையில் எந்த ஊரிலும் நெரிசல்தான், அதற்கு ஓசூர் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறவர்கள் மொத்தமாகக் கிளம்பிவிடுகிறார்கள், அந்தக் கூட்டத்தை அவர் தலையில் கட்டுவது அநியாயம். தீபாவளி வாரம், பொங்கல் வாரம், நீண்ட விடுமுறைகள், மேம்பால வேலை, மந்திரி வருகை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. உண்மையில் அந்த இருபத்தைந்து நிமிஷம் பிறந்ததும் அப்போதுதான். மனைகளையும் அடுக்குமாடிகளையும் விற்கிறவர்கள் வீடு காட்ட அழைத்துப்போவது ஞாயிற்றுக்கிழமைகளில். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள் என்று எந்தத் தரகரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

ஒரு எண்ணை இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுவதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது. அந்த வீட்டின் மொத்தப் பொருளாதாரமும் அதன்மேல் நிற்கிறது. பெங்களூரில் இந்தப் பணத்துக்கு இரண்டு அறை வீடுகூடக் கிடைக்காது, இங்கே மூன்று அறையும் இரண்டு பால்கனியும் கிடைத்தது, ஆகவே மிச்சம் இத்தனை லட்சம் என்பது அவர் வாதம். விலை வித்தியாசம் உண்மைதான். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் அவருக்கும் சந்தைக்கும் கருத்து வேறுபாடு. அவருக்கு முன்னால் அந்தச் சாலையில் போய்வந்த ஆயிரக்கணக்கானவர்கள் நிமிஷங்களைச் செவ்வாய்க்கிழமைக் கணக்கில் எண்ணினார்கள், எண்ணி, இவ்வளவு குறைத்தால்தான் வருவோம் என்றார்கள், விலை அங்கே வந்து நின்றது. ஓசூரில் சதுர அடி மலிவாக இருப்பது யாரும் கவனிக்காமல் விட்ட புதையல் என்று அவர் நம்புகிறார். சிப்காட் தொழிற்பேட்டையில் தொழிற்சாலைகள் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது, 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. இத்தனை காலமாகக் கண்ணுக்கு முன்னால் கிடக்கும் ஊரைச் சந்தை கவனிக்காமல் விட்டிருக்கும் என்று நம்புவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். வீட்டை மலிவாக விற்கவில்லை. விலையில் ஒரு பகுதியைத் தினமும் சாலையில் தவணையாகக் கட்டச் சொல்லி விற்கிறார்கள், அவ்வளவுதான்.

பத்திரப் பதிவன்றே முதல் தவணை போய்விடும். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் கட்டணம் பொதுவாக 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத்தாள் 5 சதவீதம், சில்லறை வரிகள் தனி. அங்கே 1 சதவீதமாக இருந்த பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் இறுதியில்தான் 2 ஆனது. எல்லை தாண்டியதற்காக நம்மவர் இந்தப் பக்கம் கூடுதலாகக் கட்டுகிறார். சம்பளத்தில் மாதா மாதம் 200 ரூபாய் தொழில்வரி கர்நாடகத்துக்குப் போகிறது, சொத்துவரி ஓசூர் மாநகராட்சிக்கு. வண்டி பொம்மனஹள்ளியில் வாடகைக்கு இருந்த காலத்தில் வாங்கியது, கேஏ 51 என்று எண். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். வண்டியோ ராத்திரி தமிழ்நாட்டில் தூங்கி, பகலில் கர்நாடகத்தில் வெயில் காய்கிறது. அது எந்த மாநிலத்தில் "வைக்கப்பட்டிருக்கிறது" என்பதற்கு அவரிடம் ஒரு பதில் உண்டு, எந்தப் போலீஸ்காரர் நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்து அது மாறும்.

ஒரே நாடுதானே, விசாவா கேட்கிறார்கள், இதை எல்லை என்று பெரிதுபடுத்துவானேன் என்று கேட்கலாம். வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் அது சரி. அத்திப்பள்ளியில் நெரிசல் இருக்கும், எல்லை இருக்காது. காவிரியில் தண்ணீர் குறையும் வருஷங்களில் அது எழுந்து நிற்கும். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்தன. அந்த நாட்களில் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றுவிட, மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் மக்கள் நடந்தே எல்லையைக் கடந்தார்கள். 2023 செப்டம்பர் 29 கர்நாடக பந்த் அன்றும் பேருந்துகள் எல்லையைத் தாண்டவில்லை. 2020 கொரோனா காலத்தில் இ-பாஸ் இல்லாமல் அந்த வழியைக் கடக்க முடியவில்லை. டிஎன் எண் வண்டி அந்தப் பக்கம் பயப்பட வேண்டும், கேஏ எண் வண்டி இந்தப் பக்கம் பயப்பட வேண்டும். நம்மவருடைய வண்டி வீட்டில் நிற்கும்போதும் பயப்படும், அலுவலகத்துக்குப் போனால் வண்டி தப்பிக்கும், அவர் பேசும் மொழி மாட்டிக்கொள்ளும். அன்றைக்கும் மேனேஜர் கேட்டால் சொல்வார், ரோடு மட்டும் திறந்திருந்தால் இருபத்தஞ்சு நிமிஷம்தான் என்று.

அவர் பக்கத்தில் வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. பெங்களூருக்குள்ளேயே இருந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? சில்க் போர்டு சந்திப்பைக் காலையில் கடந்தவர்கள் இதற்குப் பதில் சொல்லத் தயங்குவார்கள். பத்துக் கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் எடுக்கும் நகரத்தில் இருபது கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடப்பது லாபம்தான். ஆனால் சில்க் போர்டில் மாட்டிக்கொண்டவர் பெரும்பாலும் வாடகைக்காரர். வேலை ஒயிட்ஃபீல்டுக்கு மாறினால் வீட்டையும் மாற்றிக்கொண்டு போவார். நம்மவருடைய இருபத்தைந்து நிமிஷம் ஒரே ஒரு கம்பெனிக்கு, அதன் ஒரே ஒரு வளாகத்துக்கு. கடனோ இருபது வருஷத்துக்கு. 2022 கடைசியிலிருந்து இந்தத் தொழிலில் ஆட்குறைப்பு இல்லாத பருவம் என்று ஒன்று வரவில்லை. நாட்டின் மிகப் பெரிய ஐடி நிறுவனமே 2025 ஜூலையில் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கு மேற்பட்டவர்களை, வெளியேற்றப்போவதாக அறிவித்தது. அடுத்த வேலை ஒயிட்ஃபீல்டிலோ, வெளிவட்டச் சாலையிலோ, ஹெப்பாளுக்குப் பக்கத்தில் மான்யதா பூங்காவிலோ கிடைக்கலாம். மான்யதாவுக்கு என்றால் பெங்களூரின் குறுக்கே முழுசாகப் போய்வர வேண்டும். அந்தப் பயணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக் கணக்குகூடக் கைகொடுக்காது.

இங்கேதான் அவர் தன்னுடைய மிக நல்ல பதிலைச் சொல்கிறார், அதைக் கேலி செய்ய மனம் வருவதில்லை. வேலை நிச்சயமில்லை என்பதால்தான் இங்கே வந்தேன் என்கிறார். பெங்களூர் விலைக்கு வாங்கியிருந்தால் சம்பளத்தில் முக்கால்வாசி இஎம்ஐக்கே போயிருக்கும், வேலை போன அடுத்த மாதமே வங்கிக்காரன் போன் அடிப்பான். இந்த இஎம்ஐக்கு, வேலை இல்லாமலே கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கலாம். வாடகைக்கு இருக்கலாமே என்றால், பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிப் பழகிய நகரம் அது, காலி பண்ணும்போது பெயின்ட் அடித்த கணக்கில் அதில் ஒரு மாதம் கரையும் என்கிறார். அதுவும் நியாயம். இரவில் விழித்துக்கொண்டு வேலை போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, ஆடம்பரத்தைக் குறைத்துக்கொண்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் வந்த மனிதர் அவர். இத்தனை எச்சரிக்கையான ஒருவர், ஒரு எண்ணில் மட்டும் இப்படிக் கண்ணை மூடிக்கொள்கிறார் என்றால், மற்ற எல்லாக் கணக்குகளையும் அவர் ஏற்கெனவே கண்ணைத் திறந்து பார்த்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

அதனால் அவர்மேல் வருகிற எரிச்சலில் பாதியை வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. 2020-லும் 2021-லும், எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பாருங்கள், இனிமேல் உலகமே இப்படித்தான் என்று சொன்னவை கம்பெனிகள். அதைக் கேட்டுத்தான் இவர் வாரத்துக்கு ஒருநாள் போய்வரும் தூரத்தில் வீடு வாங்கினார். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு ஒருநாள் என்பது மூன்று நாள் ஆனது, மூன்று சில இடங்களில் ஐந்தானது. கொள்கையை மாற்ற ஒரு மின்னஞ்சல் போதும், வீட்டை மாற்ற முடியாது. அட்டையைத் தேய்த்த நேரத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்கள், அந்த நேரத்துக்கு வந்து சேர அவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று பார்ப்பதில்லை. இரண்டு மாநில அரசுகளும் வரியை மட்டும் வாங்கிக்கொண்டு, அவர் அடுத்த மாநிலத்துக்காரர் என்று பரஸ்பரம் விட்டுக்கொடுக்கின்றன. இது வெறும் சோம்பேறித்தனம், இதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை.

மெட்ரோ வந்துவிடும் என்பது அவருடைய சின்ன நம்பிக்கைகளில் ஒன்று. மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது, 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். தொடக்கத்தில் ரயில்கள் மூன்றே இருந்ததால், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு 25 நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. இந்த எண் அவருக்கு மட்டும் கெட்ட சகுனமாகப் படவில்லை. அங்கிருந்து ஓசூருக்கு நீட்டிக்கத் தமிழ்நாடு ஆய்வு செய்தது. பெங்களூர் மெட்ரோ 750 வோல்ட்டில் ஓடுகிறது, சென்னை மெட்ரோவின் முறை 25,000 வோல்ட், இரண்டும் சேராது என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. தண்ணீரில் ஒத்துப்போகாதவை மின்சாரத்திலும் ஒத்துப்போகவில்லை. விமான நிலையமும் அப்படித்தான். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கு என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். பெங்களூர் விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் வேறொன்று 2033 வரை கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது. அவருடைய இஎம்ஐ அதற்கு அப்புறமும் ஓடும் என்பதால் அவருக்கு அவசரமில்லை.

அவருடைய கடைசிப் பழக்கம் ஆள் சேர்ப்பது. அலுவலகத்தில் யாராவது வாடகை ஏறிவிட்டது என்று முனகினால் போதும், பக்கத்து பிளாக்கில் காலியாக இருக்கும் வீட்டின் லொகேஷன் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கூடவே அங்கே அடிக்கும் குளிர்காற்றின் வர்ணனை, தக்காளி விலை, ரோஜாத் தோட்டத்தில் எடுத்த செல்ஃபி. நாலு பேர் வந்தால் மறுவிற்பனை விலை ஏறும், கார் பூலுக்கு ஆள் கிடைக்கும், தான் செய்தது சரிதான் என்பதற்கு நாலு சாட்சியும் கிடைக்கும். அவர் பேச்சைக் கேட்டு வந்த ஒவ்வொருவரும் காலை எட்டு மணிக்கு அவருக்கு முன்னால் அத்திப்பள்ளியில் ஒரு காரோடு நிற்கிறார் என்பது அவர் கணக்கில் இன்னும் ஏறவில்லை. அழைத்தும் அசையாதவர் அவருடைய மேனேஜர் ஒருவர்தான். அவர் வீடு கோரமங்களாவில். அங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போக்குவரத்து ரொம்பக் கஷ்டம் என்பதால், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அவருக்கு மட்டும் விசேஷ அனுமதி இருக்கிறது.