ஏற்காட்டில் யாருக்கு முதலிடம்?

கேள்வி: ஏற்காட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு முதலில் வசதி செய்ய வேண்டுமா, ஊர்க்காரர்களுக்கா? இதை யார் முடிவு செய்வது?

பதில்: ஊர்க்காரர்களுக்குத்தான், முடிவு செய்ய வேண்டியவர்களும் அவர்களே. ஏற்காட்டுக்கு நகராட்சி கிடையாது. அங்குள்ள மலைக் கிராமங்களுக்குக் கிராம ஊராட்சிகளும் அவற்றுக்கு மேலே ஊராட்சி ஒன்றியமும்தான் உள்ளாட்சி. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்கு அந்தச் சபைதான் ஒப்புதல் தர வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் பயணிக்கு அங்கே வாக்கு இல்லை. ஆனாலும் மே மாதக் கோடை விழா நெருங்கினால் அவருடைய தேவை, அவர் கேட்காமலே அதிகாரிகள் காதில் விழுந்துவிடுகிறது. குடிநீர்க் குழாய் எந்தத் திருப்பத்தோடு நின்றுபோனது, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்பதைச் சொல்ல, அங்கே குடியிருப்பவரை விட்டால் வேறு ஆளில்லை.

பயணி வராவிட்டால் பிழைப்பு ஏது என்பார்கள். நியாயமான கேள்விதான், விடுதியும் கடையும் பலருக்குச் சோறு போடுகின்றன. ஆனால் ஏரிப் படகு இல்லம் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கையில். கரையில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலைப் பொறுக்குவதோ ஊராட்சியின் தூய்மைக் காவலர். வருமானம் ஓரிடம், வேலை ஓரிடம் என்றால், பயணிக்கான செலவில் சுற்றுலாத் துறை பங்கு தருவதுதான் முறை. சபைக்கு ஆளே வருவதில்லை என்பது அடுத்த ஆட்சேபம். ஆண்டுக்கு 4 ஆக இருந்த கூட்டங்கள் 2022 முதல் 6 ஆகிவிட்டன, எண்ணிக்கை போதும். கூட்டத்தை மலைக் கிராமங்களில் மாறி மாறி நடத்தி, போன முறை போட்ட தீர்மானம் என்ன ஆயிற்று என்று முதலில் படிக்கட்டும். ஆட்கள் வருவார்கள்.