கொத்தமல்லிக் கட்டு 0.000001

விலை சொல்ல வாய்க்கு அடங்காத பணம் உலகில் ஒன்று உண்டென்றால் அது பிட்காயின்தான். அதை வாங்கி வைத்திருப்பவர்கள் "ஏறிடுச்சு", "இறங்கிடுச்சு" என்று இரண்டே சொல்லில் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். அதைக் கொடுத்து அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் வீட்டில் அப்படிப் போனவன் என் மகன். அவன் கேள்வியை விட்டுவிட்டான், நான் விடவில்லை. பணி ஓய்வு பெற்ற குடும்பத் தலைவனிடம் ஒரு கேள்வியும் எழுதாத டைரியும் சேர்ந்து மாட்டினால் வீட்டில் மற்றவர்கள்தான் பத்திரமாக இருக்க வேண்டும். அந்த மாத மளிகை, காய்கறி, வாடகை எல்லாவற்றையும் பிட்காயினில் எழுதிவிடுவதென்று உட்கார்ந்தேன்.

பிட்காயினின் விலை ஓர் இடத்தில் நிற்காது. ஆகவே கணக்குக்கு வசதியாக ஒரு பிட்காயின் 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். 2025-இல் அந்தப் பக்கம் போய்விட்டு வந்த விலைதான். 1 கோடி என்று என் கையெழுத்தில் பார்ப்பது எனக்கே கூச்சமாக இருந்தது, எனக்கும் அந்தத் தொகைக்கும் முன்பின் பழக்கமில்லை. 10 ரூபாய்க் கொத்தமல்லிக் கட்டு 0.000001 பிட்காயின். 40 ரூபாய்த் தக்காளி 0.000004. 160 ரூபாய்த் துவரம்பருப்பு 0.000016. இப்படியே பக்கம் நிறைந்தது. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடம் வரைக்கும்தான் எனக்கு ஆட்சி உண்டு. அதற்கப்பால் விரலை வைத்து எண்ண வேண்டும். எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

என் மனைவி டைரியை வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, வரிசையா எல்லாத்துக்கும் சைபர் போட்டிருக்கீங்க. இந்த மாசம் மளிகை இனாமா?"

பதில் சொல்வதற்குள் அவளே ஓரத்தில் 10, 40, 160 என்று பென்சிலால் எழுதி, கூட்டிப் போட்டு, தேங்காயை விட்டுவிட்டதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

நல்லவேளையாக, இந்தப் பூஜ்யத் தொல்லைக்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. பிட்காயினில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிபிட்காயின். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிட். பத்துக் கோடியில் ஒரு பங்கு சடோஷி. பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயர்க்காரரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். என் கணக்குப்படி மில்லி 10,000 ரூபாய், பிட் 10 ரூபாய், சடோஷி 10 பைசா. மூன்றையும் வீட்டுக்குள் விட்டு ஓட்டிப் பார்த்தேன்.

மில்லி வீட்டு உரிமையாளருக்கு ஏற்றது. 15,000 ரூபாய் வாடகை ஒன்றரை மில்லியில் அடங்கிவிடுகிறது. ஆனால் கொத்தமல்லி அதே மில்லியில் 0.001. மாதம் ஒருமுறை வருபவருக்கு வசதி செய்து கொடுத்துவிட்டுத் தினமும் வரும் கீரைக்காரம்மாவைத் தவிக்க விடுவது நியாயமாகப் படவில்லை.

அடுத்து பிட். கொத்தமல்லி 1, தக்காளி 4, துவரம்பருப்பு 16. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டீ மட்டும் ஒன்றரை பிட் என்று இடித்தது, அதனால் பாதகமில்லை. ஒரு பிட் 100 சடோஷி என்பதால் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடத்துக்கு மேல் போகவே போகாது. ரூபாய், பைசா மாதிரியே எழுதிக்கொள்ளலாம். பிட்டை ஆதரிப்பவர்கள் காட்டும் முதல் காரணமும் இதுதான். எதிர்ப்பவர்களோ, கணினியில் ஏற்கெனவே ஒரு பிட் இருக்கிறதே, குழம்பாதா என்கிறார்கள். நம் ஊரில் அதைவிடப் பெரிய குழப்பம் உண்டு. "அப்பா கையில் இருபது பிட் இருக்கு" என்று பேரன் பள்ளியில் போய்ச் சொன்னால் மகனைத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்புவார்.

கடைசியாக சடோஷி. கொத்தமல்லி 100, டீ 150, தக்காளி 400, துவரம்பருப்பு 1,600. புள்ளியே இல்லை! உண்மையில் பிட்காயின் மென்பொருளுக்குள்ளும் புள்ளி கிடையாது. அது எல்லாத் தொகையையும் சடோஷிக் கணக்கில் முழு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, புள்ளி வருவது நமக்குக் காட்டும் திரையில் மட்டும். சின்ன எண்களோடு மல்லுக்கட்டுவது அலுத்துவிட்டால் திரையில் புள்ளியைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று நகமோட்டோ 2010-லேயே எழுதிவிட்டார். சடோஷியையே பிட்காயின் என்று அழைத்துவிடலாம் என்ற முன்மொழிவு ஒன்றும் 2025-இல் சூடுபிடித்தது. அதன்படி இன்றைய ஒரு பிட்காயின் 10 கோடி பிட்காயின் ஆகிவிடும். ஒன்றும் சம்பாதிக்காமலே பெருகுகிற இந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதை உடனே என் ஓய்வூதியத்தில் பரீட்சித்தேன். 30,000 ரூபாய் 3 லட்சம் சடோஷி ஆனது. காலையிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்தில் நடந்தேன். பிறகு மின்கட்டணக் குறுஞ்செய்தி வந்தது. அதையும் பத்தால் பெருக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை சின்ன அலகைத் தேடவேண்டிய நிலை ஆரம்பத்தில் இல்லை. 2010 மே 22 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லாஸ்லோ ஹான்யெட்ஸ் என்ற நிரலாளர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். அன்றைக்குப் பிட்காயினே சில்லறைதான், ஆயிரம் பிட்காயினுக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் அவருக்கு உதவியாக இருந்திருக்கும். என் டைரிக் கணக்கில் இன்று அந்தத் தொகை 10,000 கோடி ரூபாய். இதைச் சாப்பாட்டு வேளையில் சொன்னேன். "மிச்சம் வெச்சிருந்தா அடுத்த நாள் சூடு பண்ணிச் சாப்பிட்டிருக்கலாம்" என்றாள் மனைவி. பீட்சாவையா பிட்காயினையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

என் அப்பாவுக்கு எண்பத்தைந்து வயது. சில்லறை விஷயத்தில் அவர் சொல்வதுதான் வீட்டில் கடைசித் தீர்ப்பு.

"அணாவையே மாத்தினாங்கடா, நாங்க மாறினோமா?" என்றார்.

1957 ஏப்ரல் 1 வரைக்கும் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. கணக்குக்கு வசதி, கடைக்குத்தான் இடைஞ்சல். ஒரு அணா என்பது 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஒரு அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நான்குக்கு 25 என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். ஜனங்கள் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் இன்னும் பல பத்தாண்டுகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. என் சடோஷியின் மதிப்பு 10 பைசா. அரசாங்கம் பாடை கட்டி அனுப்பிய சில்லறையை நான் ஜப்பானியப் பெயரில் திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்பா அத்துடன் நிற்கவில்லை. சின்னப் பின்னம் வேண்டுமென்றால் நம் பழைய எண்சுவடியில் இல்லாததா என்றார். முந்திரி 1/320. அதிலும் 320-இல் ஒன்று கீழ்முந்திரி. அதை 21-ஆல் வகுத்தால் இம்மி, இம்மியை 11-ஆல் வகுத்தால் மும்மி, மும்மியை 7-ஆல் வகுத்தால் அணு. அணு என்பது 16,55,80,800-இல் ஒரு பங்கு. பத்துக் கோடியில் ஒன்றான சடோஷி, மும்மிக்கும் அணுவுக்கும் நடுவில் வந்து உட்காருகிறது! அந்த உற்சாகத்தில் ஒரு பிட்காயினை இம்மியாக உடைத்தேன். ஓர் இம்மி 4 ரூபாய் 65 பைசா வந்தது. கொத்தமல்லிக் கட்டு இரண்டு இம்மிக்குக் கொஞ்சம் மேல். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் 21, 11, 7 என்று வகுத்துக்கொண்டு நின்றால் கீரை வாடிவிடும்.

வழி காட்டியவன் குவைத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனன். அங்கே ஒரு தினார் நம் பணத்தில் இருநூற்றைம்பது ரூபாய்க்கும் மேல். அதை வைத்துக்கொண்டு டீ குடிக்க முடியாது என்பதால் தினாரை 1,000 ஃபில்ஸாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். "சில்லறைச் சாமானுக்கு ஃபில்ஸ், சம்பளத்துக்குத் தினார். புள்ளி பூஜ்யம்னு எவனும் இழுக்க மாட்டான் அத்தான்" என்றான். ஒரே பணத்துக்கு இரண்டு வாய். பெரியதைப் பேச ஒன்று, சின்னதைப் பேச ஒன்று. பிட்காயினுக்கும் சடோஷிக்கும் இதே பங்கீடு பொருந்தும். பத்துக் கோடிக்கு நடுவில் மில்லி, பிட் என்று படிக்கட்டு கட்டுவது கணக்கு வாத்தியார்களுக்குத்தான் தேவை.

இந்த முடிவோடு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போனேன். துவரம்பருப்பு 1,600 சடோஷி என்றேன். அவர் பொறுமைசாலி, முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ஒரு சடோஷி ரெண்டு சடோஷி குறைச்சா உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது அண்ணாச்சி. 10 பைசா."

"அப்ப பத்து பத்தாத்தான் பேசணும். அதுக்குக் கீழ பேசறது வாய் வலி."

"சரி."

"பத்து சடோஷி ஒரு ரூபாதான? அதை ரூபான்னே சொல்லிடலாமே சார்?"

பல இரவுகள் டைரியோடு கழித்து நான் சேர்ந்த இடத்துக்கு அவர் பருப்பை நிறுத்துக்கொண்டே வந்துவிட்டார். ஆனால் அதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. விலைக்கு ஏற்ற அலகு எது என்பதற்குச் சந்தையில் மூன்று சோதனை உண்டு. கடையில் உள்ள மிக மலிவான பொருள் ஒன்றுக்குக் கீழே போகக்கூடாது. அன்றாடச் சாமான் மூன்று இலக்கத்தில், மிஞ்சினால் நான்கில், முடிய வேண்டும். பேரம் பேசிக் குறைக்கிற தொகை முழு எண்ணாக இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் இன்றைக்குத் தேறுவது சடோஷிதான். பிட்டுக்கு இரண்டாவது வகுப்பு. மில்லி தேறவில்லை.

நான்காவது சோதனை ஒன்றும் இருக்கிறது. அதில் மூன்றுமே தோற்றுவிடுகின்றன. எழுதிப் போட்ட விலை சாயங்காலம் வரை நிற்க வேண்டும். எல் சால்வடோர் நாடு 2021 செப்டம்பர் 7 முதல் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கியது. ஆனால் கணக்கு எழுதுவதற்கு அமெரிக்க டாலர்தான் அளவுகோல் என்று அதே சட்டம் சொன்னது. கடைகளிலும் விலை டாலரில்தான் இருந்தது. பிட்காயினில் கொடுப்பவருக்கு அந்த நேரத்து மதிப்பில் மாற்றிக் கொள்வார்கள். 2025 ஜனவரியில், கடைக்காரர்கள் அதைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் இன்னும் வேடிக்கை. 100 சடோஷியைப் பிட்காயினின் மூல வலைப்பின்னலில் வழக்கமான வழியில் அனுப்ப முடியாது. பழைய வகை முகவரிக்கு 546 சடோஷிக்குக் குறைந்தால் அதைத் தூசி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கொத்தமல்லி தூசி! லைட்னிங் என்ற மேலடுக்கு வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அங்கே சடோஷியையும் ஆயிரமாக உடைத்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள், அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அனுப்பியாயிற்று என்று வையுங்கள், அது சொத்துக் கைமாற்றம். வாங்கிய விலைக்கு மேல் லாபம் இருந்தால் 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி. நஷ்டமானால் வேறு லாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது. போதாததற்கு 1 சதவீதம் பிடித்தம் செய்ய வேண்டிய பொறுப்பு பிட்காயினைப் பெற்றுக்கொள்பவருடையது. அதாவது கீரைக்காரம்மாவுடையது. சிறு வியாபாரிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு இருப்பதால் அவர் தப்பித்தார், நானும் அவர் வாயிலிருந்து தப்பித்தேன்.

இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கி செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாயைச் சோதனைக்கு விட்டபோது புதிய அலகு எதையும் கண்டுபிடிக்காமல், பழகிய நோட்டும் நாணயமும் எந்த மதிப்புகளில் இருக்கின்றனவோ அதே மதிப்புகளில் கொடுத்தார்கள். அண்ணாச்சியைக் கேட்டுத்தான் செய்தார்களோ என்னவோ.

ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளை புள்ளி பூஜ்யம் பூஜ்யம் என்று ஆரம்பித்தால், "சடோஷியில் சொல்லுடா" என்று கேளுங்கள், உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் நல்லது. தக்காளியை மட்டும் ரூபாயிலேயே வாங்குங்கள்.