உதறல் வைத்தியர்

ஸ்டியரிங் ஆடுகிறது என்று யாராவது வாயெடுத்த மாத்திரத்தில், காரைப் பார்க்காமலே காரணம் சொல்லிவிடுகிறவர் உதறல் வைத்தியர். சிங்கப்பூரில் இவர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், தேக்கா நிலையத்து உணவங்காடியில் தே தாரிக் கிளாசும் கையுமாகக் காணப்படுவார். இந்த இனத்தில் பலருக்குச் சொந்தக் கார் கிடையாது. 2023இல் சிறிய காருக்கான சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊரில் அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் கார் இருந்தால் போதும்.

இவர் கைவசம் உள்ளது ஒரே மருந்து. "தம்பி, அலைன்மெண்ட் அவுட்டு லா. செஞ்சிட்டு வாங்க, சரியாப் போயிரும்." சக்கரங்களின் கோணம் தப்பினால் கார் ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். ஸ்டியரிங்கை உதற வைப்பது பொதுவாக அதன் வேலை அல்ல. குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கும் உதறலுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது வீல் பேலன்சிங்கை. ரிம்மில் இருந்த 20 கிராம் எடைக்கட்டி ஒன்று உதிர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். 15 அங்குல ரிம் போட்ட சக்கரம், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றும். அந்த அற்ப 20 கிராம், ஏறக்குறைய 3 கிலோ எடையின் பலத்தோடு சக்கரத்தை ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழும் இழுத்தடிக்கும். வேகம் பாதியானால் பலம் காலாகிவிடும்.

வைத்தியரின் புகழ் பிழைத்துக் கிடப்பது இந்தக் கணக்கால்தான். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் 90. தீவு விரைவுச்சாலையில் சமர்த்தாக ஓடிய கார், 110 வரை அனுமதிக்கும் மலேசிய வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு சுயரூபம் காட்டும். ஆகவே அவர் சொன்னது பலித்ததா என்று சட்டத்தை மீறாமல் சோதிக்க விரும்புகிறவர், கடப்பிதழை எடுத்துக்கொண்டு, எரிபொருள் தொட்டியை விதிப்படி முக்கால் பங்காவது நிரப்பி, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்து, வெளிநாட்டுக்குப் போயாக வேண்டும். அவ்வளவு பாடுபட்டுத் திரும்பியவருக்கு வைத்தியரோடு மல்லுக்கட்டத் தெம்பிருக்காது.

"ஆடுதா?" என்பதோடு அவருடைய விசாரணை முடிந்துவிடும். எப்போது, எங்கே என்று அவர் கேட்பதில்லை. நோய் பிடிபடுவதோ அந்த இரண்டு கேள்விகளில். கையில் தெரிந்தால் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம் என்று ஆரம்பிக்கலாம். பிரேக்கை மிதித்தால் மட்டும் என்றால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது என்றால் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட்டை. முன்சக்கரங்களைக் கழற்றிப் பின்னால் போட்டதும் உதறலும் கையைவிட்டு இருக்கைக்குக் குடிபோனால், டயரோ ரிம்மோ மாட்டிக்கொண்டது. அழகுக்காக மாற்றிய ரிம் என்றால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதன் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். இடைவெளியை அடைப்பதற்கென்று ஒரு பிளாஸ்டிக் வளையம் வரும். டயர் மாற்றும்போது அது எங்காவது உருண்டு போனால், பேலன்சிங் எந்திரம் பூஜ்யம் காட்டினாலும் சாலையில் ஆட்டம் நிற்காது. இதை எடுத்துச் சொன்னால் வைத்தியர், "வளையமெல்லாம் சும்மா லா" என்று அடுத்த தேயைச் சொல்லுவார்.

அவருக்குப் பெரிதும் பேர் வாங்கித் தருவது சிவப்பு நம்பர் பிளேட் கார்கள். வார நாட்களில் பகலில் ஓட்டத் தனிக் கட்டணம் என்பதால், இவற்றில் பல வாரம் முழுக்க வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் தவம் கிடக்கும். நின்ற இடத்திலேயே டயரின் அடிப்பகுதி சற்றுத் தட்டையாகி, சனிக்கிழமை புறப்பட்டதும் கார் உதறும். கொஞ்ச தூரம் ஓடி டயர் சூடேறினால் தட்டை தானாக நீங்கி ஆட்டம் அடங்கிவிடும். அப்படிப்பட்ட காரில் தொற்றிக்கொள்ளும் வைத்தியர், கிளம்புமுன் நான்கு டயரையும் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறுவார்.