ஐந்தா, ஏழா? சவுண்ட் கார்டு புராணம்

1981-ல் ஐபிஎம் கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை உலகத்துக்கு அனுப்பியபோது அதற்கு வாயும் வைத்துத்தான் அனுப்பியது. அந்த வாய்க்கு 'பீப்' தவிர வேறொன்றும் தெரியாது. கணக்கு எழுதுகிற பெட்டிக்குப் பாட்டு எதற்கு என்று கோட்டு போட்ட பெரியவர்கள் நினைத்திருக்க வேண்டும். வாங்குகிறவர் வீட்டில் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

1987-ல் கனடாவின் கியூபெக்கிலிருந்து, இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரேவெல் ஆட்லிப் கார்டைக் கொண்டுவந்தார். உள்ளே யமஹா சிப், ஒன்பது குரல். இசை வந்தது, ஆனால் சுட்டால் துப்பாக்கி மாதிரிக் கேட்கவில்லை. சிங்கப்பூரில் இருந்த சிம் வோங் ஹூ இந்தக் குறையைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். அவருடைய கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் விட்ட சவுண்ட் பிளாஸ்டரில் அதே யமஹா சிப், பதிவு செய்த ஒலியைப் பேசவைக்கும் வசதி, போனால் போகிறதென்று ஜாய்ஸ்டிக் செருகவும் ஓர் இடம். 1992-ல் ஆட்லிப் திவால். பிரேவெலுக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்கலாம். அன்றைய டாஸ் கணினிகளுக்கு அது நன்றாகவே வரும்.

ஏனென்றால் அந்தக் கணினிகளை இயக்கிய டாஸுக்கு ஒலி என்று ஒன்று இருப்பதே தெரியாது. கார்டு வாங்கினீர்களா, சந்தோஷம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிடும். ஒவ்வொரு கேமும் தானே நேராகக் கார்டிடம் போய்ப் பேச வேண்டும். கார்டின் விலாசத்தை அது கேட்பது உங்களிடம்தான். அதற்காக ஆட்டோஎக்செக் ஃபைலில் ஒரு மந்திரம் எழுதி வைப்போம்: 'செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1'. போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1. மாமியார் வீட்டு ஃபோன் நம்பர் மறந்தவர்களுக்கும் இது மறக்கவில்லை.

வில்லங்கமெல்லாம் அந்த நடு எண்ணில். ஐஆர்க்யூ, அதாவது ஒரு சாதனம் பிராசஸரைக் கூப்பிடும் எண், பட்டா நிலம் மாதிரி. 0 கடிகாரத்துக்கு, 1 கீபோர்டுக்கு, 3-ம் 4-ம் மவுஸும் மோடமும் செருகும் சீரியல் போர்ட்டுகளுக்கு, 6 ஃப்ளாப்பிக்கு. முதல் சவுண்ட் பிளாஸ்டர் வந்து குடிசை போட்டது 7-ல். அது ஏற்கெனவே பிரிண்டரின் பெயரில் இருந்தது! பிறகு 5-க்கு நகர்ந்தது; அங்கே இரண்டாவது பிரிண்டர் போர்ட்டுக்குப் பாத்தியதை. எண்ணை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து, கார்டைப் பிடுங்கி, அரிசி அளவிலான ஜம்பர் மூடியை இடுக்கியால் எடுத்து அடுத்த கம்பிகளில் மாட்ட வேண்டும். மூடி கைதவறிக் கீழே விழுந்தால் குடும்பமே தரையில் தவழும்.

எண் தப்பினால் கேம் அதை வாய்விட்டுச் சொல்லாது. வெடிச் சத்தத்தின் முதல் துண்டு மட்டும் விக்கல் போல வந்துகொண்டே இருக்கும், இல்லையென்றால் கணினி சிலையாகிவிடும். சரியாக அமைந்தாலோ அடுத்த வம்பு. 640 கிலோபைட் நினைவகத்தில் சிடி டிரைவுக்கான எம்எஸ்சிடிஎக்ஸும் மவுஸ் டிரைவரும் உட்கார்ந்துகொள்ள, கேமுக்கு இடம் போதாது. ஒவ்வொரு கேமுக்கும் தனி பூட் ஃப்ளாப்பி செய்து வைத்தவர்கள் உண்டு. இயங்குதளம் செய்ய வேண்டிய வேலையை மனிதர்கள் சம்பளமில்லாமல் செய்த காலம் அது.

இத்தனையும் தாண்டியவருக்குப் பரிசாக கார்டுடன் வந்த டாக்டர் ஸ்பைட்ஸோ என்கிற மனநல மருத்துவர் ஸ்பீக்கரில் பேசி, உங்கள் பிரச்சினை என்னவென்று விசாரிப்பார். அவரால் வந்த பிரச்சினையைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது?

1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 வந்தது. கார்டைச் செருகினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்தது. செருகிவிட்டுச் சாமி கும்பிட வேண்டியிருந்தது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி வந்து நிற்கும். விண்டோஸ் 95-ன் தொடக்க இசையை அமைத்தவர் பிரையன் ஈனோ. அதை ஆப்பிள் மேக்கில்தான் அமைத்தேன் என்று பின்னாளில் வானொலியில் அவரே போட்டுடைத்தார். விவரமான மனிதர்.

இன்று பழைய கேமை, டாஸ் கணினி போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குள் கார்டும் இல்லை, ஜம்பரும் இல்லை. ஆனாலும் செட்டப் திரை அதே கேள்விகளைக் கேட்கும். டாஸ்பாக்ஸை நீங்கள் எதுவும் மாற்றாமல் வைத்திருந்தால் 220, 7, 1 என்று பதில் சொல்லுங்கள். பிரிண்டர் சண்டைக்கு வராது.